வரிசையில் நிற்கட்டும்

வணக்கம் சார்,

உங்கள் தளத்தைத் தொடர்ந்து படிப்பவள். எழுதுவது இதுதான் முதல் தடவை. நாங்கள் சிங்கப்பூரில், செங்காங்கில் இருக்கிறோம். மகள் உயர்நிலை மூன்று. சென்ற ஆண்டு தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி ஒன்றில் இறுதிச்சுற்று வரை வந்தாள். பரிசு கிடைக்கவில்லை, ஆனால் அதற்குப் பிறகு எங்கள் வீடே மாறிவிட்டது. இன்ஸ்டாகிராமில் பதினோராயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். சமூக மன்ற நிகழ்ச்சிகளுக்கெல்லாம் கூப்பிடுகிறார்கள். தேக்காவில் துணி எடுக்கப் போனால் கடைக்காரர் காசு வாங்க மாட்டேன், ஒரு படம் எடுத்துக்கொண்டால் போதும் என்கிறார். பள்ளியில் வீட்டுப்பாடம் தாமதமானால் "ரிகர்சல் இருந்திருக்கும், பரவாயில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். கோயிலில் அன்னதான வரிசையில் நின்றால் யாராவது வந்து முன்னால் கூட்டிப்போகிறார்கள்.

போன மாதம் ஒரு தீபாவளி நிகழ்ச்சி. மேடைக்குப் பின்னால் ஒப்பனைக்கு உதவ ஒரு தொண்டூழியர் அம்மா வந்திருந்தார். என் மாமியார் வயது இருக்கும். இவள் போனைப் பார்த்துக்கொண்டே கையை மட்டும் நீட்டி, "ஆன்ட்டி, தண்ணி" என்றாள். அவரும் ஓடிப்போய்க் கொண்டுவந்தார். எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து கேட்டால், "எல்லாரும் அப்படித்தாம்மா" என்கிறாள். கணவரிடம் சொன்னால், "திறமைக்குக் கிடைக்கிற மரியாதை, நீ ஏன் பெரிசுபடுத்துறே" என்கிறார். இப்போது ஒரு நகைக்கடை விளம்பரத்தில் அவள் படத்தைப் போட ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. நான் தேவையில்லாமல் பயப்படுகிறேனா?

செங்காங் வாசகி
(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரி,

உங்கள் பெயரோடு பள்ளி, போட்டி பற்றிய அடையாளங்களையும் எடுத்துவிட்டேன். நம் வட்டம் எவ்வளவு சின்னது என்று உங்களுக்கே தெரியும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காடு. உங்கள் மகளின் புகழ் அதற்குள்தான் இருக்கிறது. சிராங்கூன் சாலையில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயில் ஏறி பூன் கெங் தாண்டுவதற்குள் அவள் யாரோ ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை. இதை ஒரு குறையாக நினைக்காதீர்கள். சென்னையில் ஒரு சினிமா நட்சத்திரம் எவ்வளவு செலவழித்தாலும் வாங்க முடியாத வசதி இது. தினமும் ஒருமுறையாவது யாருக்கும் தெரியாதவளாக இருக்க முடிகிறதே.

நீங்கள் எழுதியதில் இன்ஸ்டாகிராம் எண்ணிக்கை என்னைப் பயமுறுத்தவில்லை. நகைக்கடையும் பயமுறுத்தவில்லை. அந்த ஒரு தம்ளர் தண்ணீர்தான் கொஞ்சம் உறுத்தியது. அவள் கேட்ட விதத்தைவிட, அந்த அம்மா ஓடிப்போய்க் கொண்டுவந்ததுதான் கூடுதலாக உறுத்தியது. "நீயே போய் எடுத்துக்கோம்மா" என்று அவர் சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். பதினைந்து வயதுப் பெண் போனிலிருந்து தலையைத் தூக்காமல் பேசுவது உலகத்தில் நடக்காத ஒன்றா? என் வீட்டிலும் நடக்கிறது. ஆனால் எங்கள் வீட்டுப் பிள்ளைக்குத் தண்ணீர் வராது, திட்டு வரும்.

பிரபலங்கள் கெட்டுப்போவதைப் பற்றிப் பேசும்போது போதை, பணம், கெட்ட சகவாசம் என்று பெரிய விஷயங்களாக அடுக்குவோம். எனக்கென்னவோ அதெல்லாம் கடைசி அத்தியாயம் என்றுதான் படுகிறது. சுற்றியிருப்பவர்கள் "முடியாது" என்று சொல்வதை நிறுத்தும் நாளில் கதை ஆரம்பித்துவிடுகிறது. காசு வேண்டாம், வரிசை வேண்டாம், வீட்டுப்பாடம் பரவாயில்லை. ஒவ்வொன்றும் அன்பில் செய்வதுதான். ஆனால் ஊர் இதையெல்லாம் மளிகைக்கடைக் கணக்கு நோட்டில் எழுதுவதுபோல எங்கேயோ எழுதி வைத்துக்கொள்கிறது. என்றைக்காவது அந்த ஆள் சறுக்கினால் மொத்த பாக்கியையும் ஒரே நாளில் கேட்கும்.

ஜோசஃப் ஸ்கூலிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 ஆகஸ்ட்டில் ரியோவில் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் 50.39 விநாடி. ஒலிம்பிக்கில் சிங்கப்பூரின் முதல் தங்கம். அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸ் உட்பட மூன்று பேர் வெள்ளிப் பதக்கத்தைப் பங்குபோட்டுக்கொண்டார்கள். அதே பெல்ப்ஸ் 2008ல் சிங்கப்பூர் வந்தபோது பதின்மூன்று வயது ஸ்கூலிங் அவர் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட படத்தை நாம் எல்லாரும் பகிர்ந்தோம். பத்து லட்சம் சிங்கப்பூர் வெள்ளி பரிசுப்பணம், நாடாளுமன்றத்தில் பாராட்டு, திறந்த பேருந்தில் ஊர்வலம். கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவையிலிருந்து 2013லேயே கிடைத்திருந்த ஒத்திவைப்பு தோக்கியோ ஒலிம்பிக் வரை நீண்டது. ஆண்பிள்ளைகள் எல்லாருக்கும் ஒன்றே என்று நாம் பெருமையாகச் சொல்லும் தேசிய சேவையில் கிடைத்த விதிவிலக்கு அது. அன்றைக்கு யாரும் முணுமுணுக்கவில்லை.

2021ல் தோக்கியோவில் தன் தகுதிச் சுற்றில் கடைசியாக வந்தார். அன்று இரவே சமூக ஊடகத்தில் உடம்பைப் பற்றி, பணத்தைப் பற்றி, ஒத்திவைப்பைப் பற்றியெல்லாம் எழுத ஆரம்பித்தார்கள். அந்த நவம்பரில் அவருடைய அப்பா இறந்தார். 2022ல் தேசிய சேவைக்குப் போனார். மே மாதம் ஹனோய் தென்கிழக்காசியப் போட்டிக்காகக் கிடைத்த விடுப்பின்போது வெளிநாட்டில் கஞ்சா பயன்படுத்தியதாக விசாரணையில் அவரே ஒப்புக்கொண்டார். சிறுநீர்ப் பரிசோதனையில் எதுவும் தெரியவில்லை. தற்காப்பு அமைச்சு ஆறு மாதம் கண்காணிப்புப் பரிசோதனை விதித்தது. சேவைக்காலத்தில் பயிற்சிக்கோ போட்டிக்கோ இனி விடுப்பு கிடையாது என்றது. 2024 ஏப்ரலில் நீச்சலிலிருந்து ஓய்வு பெற்றார்.

அவர் செய்தது தவறு, அதில் சந்தேகமில்லை. பயிற்சிக்காகக் கொடுத்த நேரத்தைத் தப்பாகப் பயன்படுத்தினார். அமைச்சு அதற்கு அளந்து ஒரு நடவடிக்கை எடுத்தது. ஆனால் ஊர் அளக்கவே இல்லை. தங்கத்தையே திருப்பிக் கொடு என்கிற தொனியில் எழுதியவர்களை நான் படித்தேன். அதில் சிலர், ஆறு வருடம் முன்னால் கொடியசைத்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

நம் ஊர்ச் சீனத் தொலைக்காட்சி நடிகர் கிறிஸ்டோபர் லீயின் கதை வேறு மாதிரி. 2006ல் குடித்துவிட்டுக் காரோட்டி மோட்டார் சைக்கிளை இடித்துவிட்டு நிற்காமல் போனார். 2007ல் நான்கு வாரம் சிறை, மூன்று ஆண்டு வாகனம் ஓட்டத் தடை. உள்ளே போனார், வந்தார், மறுபடி நடித்தார், ரசிகர்களும் ஏற்றுக்கொண்டார்கள். நம் ஊரில் நட்சத்திரத்தையும் வரிசையில் நிற்கவைக்கும் இடம் ஒன்று பாக்கியிருக்கிறது என்றால் அது நீதிமன்றம்.

ஒரு தமிழ்க் கதையும் சொல்கிறேன், உங்கள் மகள் பாடகி என்பதால். தியாகராஜ பாகவதர் நடித்த ஹரிதாஸ் 1944 தீபாவளிக்கு வந்தது. சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளி பார்த்தது. படம் வந்து இரண்டே மாதத்தில், டிசம்பரில், லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரைக் கைது செய்தார்கள். லட்சுமிகாந்தன் யார்? நடிகர்களின் அந்தரங்கத்தை எழுதிப் பத்திரிகை விற்றவர். இன்றைய யூடியூப் கிசுகிசுக்காரர்களுக்கெல்லாம் கொள்ளுத்தாத்தா. 1945ல் ஆயுள் தண்டனை. அதாவது ஆள் சிறையில், அவர் உருவம் பிராட்வேயில், மக்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் பயமாக இருக்கிறது. வழக்கு அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947ல் நிரபராதி என்று விடுதலையானார். ஆனால் வெளியே வந்த மனிதருக்குப் பழைய கூட்டம் திரும்பவில்லை. அதற்குள் பாட்டு குறைந்து வசனம் கூடிய படங்கள் வந்துவிட்டன என்பதும் உண்மை. 1959ல் இறந்தபோது ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

அதே வழக்கில் அதே தண்டனை பெற்று அதே சமயத்தில் விடுதலையானவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். அவர் உள்ளே இருந்தபோது அவருடைய நாடக சபையை எஸ். வி. சகஸ்ரநாமம் விழாமல் பார்த்துக்கொண்டார். வெளியே வந்தவர் மறுபடி நடித்தார், படம் எடுத்தார், 1957ல் இறக்கும்வரை ஜனங்களோடு இருந்தார். இரண்டு பேருக்கும் என்ன வித்தியாசம் என்று அறுதியிட்டுச் சொல்லிவிட முடியாது. நகைச்சுவை நடிகருக்குக் கதாநாயகனைப்போல் பிம்பம் உடையும் கவலை இல்லை என்பது ஒன்று. ஆனால் கலைவாணரைச் சுற்றி ரசிகர்கள் மட்டும் இல்லை, கூட வேலை செய்தவர்கள் இருந்தார்கள் என்பதுதான் எனக்குத் திரும்பத் திரும்பத் தோன்றுகிறது. கைதட்டியவன் வீட்டுக்குப் போய்விடுவான். சேர்ந்து நாற்காலி அடுக்கியவன் போகமாட்டான்.

உங்கள் கணவர் சொல்வதையும் ஒரேயடியாகத் தள்ளிவிடக் கூடாது. திறமைக்குச் சலுகை கொடுக்கத்தான் வேண்டும். ரிகர்சலுக்காக வகுப்பில் ஒருநாள் அனுமதி கேட்பது, தொண்டையைக் காப்பாற்ற வெந்நீர் கேட்பது, இதெல்லாம் வேலைக்கான சலுகை. ஸ்கூலிங்குக்குக் கிடைத்த ஒத்திவைப்பும் அந்த வகைதான். அது இல்லாமல் அந்தத் தங்கம் இல்லை. அன்னதான வரிசையில் முன்னால் போவது வேலைக்கானது இல்லை. பசி எல்லாருக்கும் ஒன்றுதானே. கடைக்காரர் துணிக்குக் காசு வாங்காததும் சலுகை இல்லை, வியாபாரம், படம் எடுத்துக்கொள்கிறாரே. கணவரிடம் இப்படிப் பிரித்துச் சொல்லிப் பாருங்கள். "மரியாதை" என்று மொத்தமாகப் பேசினால் சண்டைதான் வரும்.

ஒரு சின்ன விஷயம் சொல்ல வேண்டும். தேக்கா உணவங்காடியில் ஒருநாள், நம் தொலைக்காட்சி நாடகங்களில் வருகிற ஒருவர் சாப்பிட்டு முடித்துத் தட்டைத் திருப்பி வைக்கப் போனார். பக்கத்து மேசைக்காரர் அதை வீடியோ எடுத்துக்கொண்டே, "என்ன எளிமை பாருங்க" என்றார். 2021 செப்டம்பரிலிருந்து உணவங்காடியில் தட்டைத் திருப்பி வைக்காவிட்டால் அதிகாரிகள் வந்து கேட்பார்கள். நானும்தான் வைத்தேன், என்னை யாரும் எளிமையானவன் என்று சொல்லவில்லை. அந்த நடிகரின் முகத்தைப் பார்த்தேன். சாம்பார் கையோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார். கையைக் கழுவப் போக முடியவில்லை, வீடியோ முடியவில்லை. இங்கே நம் கலைஞர்கள் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது, ஒவ்வொரு நிகழ்ச்சியாகத்தான் பிழைப்பு. ஆனால் கோடி வாங்கும் நட்சத்திரத்திடம் எதிர்பார்ப்பதை இவர்களிடமும் எதிர்பார்க்கிறோம். உங்கள் மகள் இதைத் தொழிலாக எடுக்க நினைத்தால் இந்தப் பக்கத்தையும் இப்போதே பார்க்கட்டும். மூத்த கலைஞர் யாராவது தெரிந்தால் ஒருமணி நேரம் அவரோடு உட்காரவையுங்கள், செலவுக் கணக்கு உட்பட எல்லாம் பேசட்டும்.

நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் பாட்டு போகும், மிதப்பு போகாது. அடுத்த நிகழ்ச்சிக்கு அரைமணி முன்னதாகவே கூட்டிப்போங்கள், அந்தத் தொண்டூழியர் அம்மா வந்திருந்தால் அவரோடு நாற்காலி போடச் சொல்லுங்கள். ஊரைக் கூட்டி மன்னிப்புக் கேட்கவைக்காதீர்கள், அதையும் யாராவது வீடியோ எடுப்பார்கள். துணிக்குக் காசு கொடுங்கள்; கடைக்காரர் வற்புறுத்தினால், படம் எடுத்ததற்கு அவர்தான் காசு தரவேண்டும் என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். வகுப்பாசிரியரிடம் தனியாகப் பேசி, தாமதமானால் மற்ற பிள்ளைகளுக்கு என்னவோ அதையே செய்யச் சொல்லுங்கள்.

இன்ஸ்டாகிராமில் கெட்ட வார்த்தை, மிரட்டல் வந்தால் அவள் தானாகப் பதில் போட வேண்டாம். படம்பிடித்து வைத்துக்கொண்டு உங்களிடம் காட்டட்டும். துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம் 2014லிருந்து இருக்கிறது. தொந்தரவு செய்யும் நோக்கத்தில் ஒருவரின் சொந்த விவரங்களை வெளியிடுவதும் 2020லிருந்து குற்றம். பள்ளிச்சீருடையோடு, புளோக் எண் தெரியும்படி எடுத்த படங்கள் அவள் பக்கத்தில் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

அப்புறம் அந்த நகைக்கடை ஒப்பந்தம். விவரம் தெரிந்த ஒருவர் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். எத்தனை மாதம், எங்கெல்லாம் படம் வரும், காலம் முடிந்ததும் எடுத்துவிடுவார்களா, வேறு கடையின் நிகழ்ச்சியில் பாடலாமா, எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். பணம் அவள் பெயரில் வங்கிக்குப் போகட்டும். அடுத்த ஆண்டு உயர்நிலை நான்கு, தேர்வு மாதங்களில் படப்பிடிப்பு கிடையாது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்க மாட்டோம் என்றால் விட்டுவிடுங்கள். சிராங்கூன் சாலையில் நகைக்கடைக்கா பஞ்சம்?