வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்: அப்புச்சியின் பச்சிலையும் சித்த மருத்துவப் படிப்பும்

கேள்வி: என் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் பிரிவு படிக்கிறாள், சித்த மருத்துவர் ஆக விரும்புகிறாள். காங்கேயத்தை அடுத்த எங்கள் ஊரில் அவளுடைய அப்புச்சி, அதாவது என் அப்பா, நெடுங்காலமாகக் காமாலைக்குப் பச்சிலை கொடுத்து வருகிறார். அவரிடமே கற்றுக்கொள்ளலாமே, நீட் தேர்வும் ஐந்தரை ஆண்டுப் படிப்பும் எதற்கு என்று உறவினர்கள் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?
– ஒரு தாய், திருப்பூர் மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு வணக்கம். அப்புச்சியிடம் இருக்கும் செல்வத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மழை பெய்து ஓய்ந்ததும் வரப்பில் முளைக்கும் கீழாநெல்லியை, அதே சாயலில் பக்கத்திலேயே நிற்கும் வேறு செடிகளிலிருந்து பிரித்தறிய, கிளையைத் திருப்பி, இலைகளுக்கு அடியில் வரிசையாகத் தொங்கும் கடுகளவுக் காய்களைப் பார்த்து உறுதி செய்துகொள்ளும் கண் அவருக்கு வாய்த்திருக்கும். கல்லூரித் தோட்டத்தில் பெயர்ப்பலகையைப் பார்த்துப் படிக்கும் மாணவருக்கு அந்தக் கண் எளிதில் வருவதில்லை. ஆகவே விடுமுறைதோறும் உங்கள் மகள் அவரோடு காடு தோட்டமெல்லாம் நடக்கட்டும். எந்தச் செடி, எந்தப் பருவம், எந்தப் பாகம், எவ்வளவு என்று அவர் சொல்வதை ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும்.

ஆனால் செடியை அறிவது மருத்துவத்தில் ஒரு பாதி. நோயாளியை அறிவது மறு பாதி. நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, அறுபது வயதைக் கடந்த ஒரு பெரியவர் கண்ணும் மேனியும் மஞ்சளாகி வந்தார். மூன்று வாரமாகக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து குடித்திருந்தார். சுற்றி நின்ற மாணவர்கள் அனைவரும் காமாலை என்றோம்; மருந்தும் சொன்னோம். எங்கள் பேராசிரியர் எதுவும் சொல்லாமல், மலம் என்ன நிறத்தில் போகிறது என்று பெரியவரிடம் கேட்டார். “சுண்ணாம்பாட்ட வெளுத்துப் போவுதுங்க” என்றார் அவர். முழங்கை வரை நகத்தால் சொறிந்த கோடுகள் இருந்ததையும் அப்போதுதான் நாங்கள் கவனித்தோம். பித்தநீர் குடலில் இறங்கினால்தான் மலத்துக்கு நிறம் வரும்; வெளுத்துவிட்டது என்றால் வழியில் எங்கோ அடைப்பு இருக்கிறது என்று பொருள். அன்றே ஸ்கேன் எடுக்கச் சொன்னார். பித்தக்குழாயில் கல் இருந்தது. உடனே அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பி வைத்தார். அந்த அடைப்பைக் கீழாநெல்லி நீக்கியிராது; நாள் கடத்தியிருந்தால் குழாயில் கிருமித்தொற்று ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகியிருக்கும்.

பேராசிரியர் கேட்ட கேள்வி நம் சித்த மருத்துவ நூல்களிலேயே இருப்பதுதான். நாடி, தொடு உணர்வு, நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்ற எண்வகைத் தேர்வில் மலமும் ஒன்று. அதோடு உடற்கூறு, உடலியங்கியல், நோய் நாடல், நஞ்சு நூல் ஆகியவற்றையும் சேர்த்துப் படிக்கும்போதுதான், எந்தக் காமாலைக்கு நாம் மருந்து தரலாம், எதை உடனே வேறு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்ற தெளிவு வருகிறது. ஐந்தரை ஆண்டு எதற்கு என்று கேட்பவர்களிடம் இந்தப் பெரியவரைப் பற்றிச் சொல்லுங்கள்.

அளவும் அப்படித்தான். மூலனூர், தாராபுரம் பக்கம் கம்பிப் பந்தலில் ஏற்றிப் பயிரிடும் கண்வலிக்கிழங்கை, அதாவது நம் மாநில மலரான செங்காந்தளை, உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதன் விதையிலிருந்து எடுக்கும் கோல்ச்சிசின் மிகச் சிறிய அளவில் கீல்வாத வகைகளுள் ஒன்றான கவுட் நோய்க்கு மருந்து. அளவு மீறினால் வாந்தி, பேதியில் தொடங்கி எலும்பு மஜ்ஜையையும் பாதித்து உயிரைப் பறிக்கும்.

இனி நடைமுறை. பி.எஸ்.எம்.எஸ். என்ற சித்த மருத்துவப் பட்டப்படிப்பு நான்கரை ஆண்டுகள்; அதன்பின் ஓராண்டு பயிற்சி மருத்துவம். நீட் தேர்வில் தகுதி பெற்றபின், சென்னை அரும்பாக்கத்தில் உள்ள இந்திய மருத்துவம் மற்றும் ஓமியோபதித் துறை ஆணையரகம் நடத்தும் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பாளையங்கோட்டையிலும் அரும்பாக்கத்திலும் அரசுக் கல்லூரிகள் உள்ளன. மகள் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்திருந்தால், 2020ஆம் ஆண்டுச் சட்டப்படியான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இந்தப் படிப்புக்கும் உண்டு. கோவை, ஈரோடு வட்டாரத் தனியார் கல்லூரிகளை நினைப்பதானால், தேசிய இந்திய மருத்துவ முறை ஆணையத்தின் அவ்வாண்டு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். அதைவிட முக்கியமாக, முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு நாள் காலை அங்குள்ள மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் போய் உட்காருங்கள். நோயாளிகள் வராத இடத்தில் உங்கள் மகள் எதைக் கற்பாள்?

கேள்வி: ஈரோட்டில் நாட்டு மருந்துக்கடை வைத்திருக்கிறேன், வயது 38. ஆறு மாதச் சான்றிதழ் படிப்பு ஒன்று முடித்தால் நோயாளிகளைப் பார்க்கலாம் என்கிறார்கள். சேரலாமா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம். அங்கீகரிக்கப்பட்ட பட்டமும் மருத்துவக் கவுன்சில் பதிவும் இல்லாமல் மருத்துவம் பார்க்கக் கூடாது. பரம்பரை வைத்தியர் என்று சொல்லிக்கொள்வது மட்டும் போதாது என்று உச்ச நீதிமன்றமும் 2018இல் தெளிவாகக் கூறியிருக்கிறது. நீட் தேர்வுக்கு உச்ச வயது வரம்பு இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருந்தால் நீங்களும் எழுதலாம். குடும்பத்தையும் கடையையும் யார் பார்த்துக்கொள்வது என்பதை முடிவு செய்துகொண்டு இறங்குங்கள்.

அது இயலாது என்றாலும் உங்கள் கடை சிறிய இடம் அன்று. அசோகப் பட்டை என்று நெட்டிலிங்கப் பட்டை விற்கப்படுவதும், ஒன்பது சரக்கு சேர வேண்டிய நிலவேம்புக் குடிநீரில் சில சரக்கு குறைவதும் நடக்கிறது. சரக்கு சரியில்லை என்றால் மருத்துவர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தும் பயனில்லை. ஆடுதின்னாப்பாளை கேட்டு வருகிறவர்களுக்கு மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்காதீர்கள். அதில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கேள்வி: தமிழ் வழியில் படித்த மாணவன் நான். நாடி பார்க்க இப்போதே பழகலாமா?
– ஒரு மாணவர், கோபிசெட்டிபாளையம்

பதில்: தாராளமாகப் பழகலாம் தம்பி. மூல நூல்கள் தமிழ்ச் செய்யுளில் இருப்பதால் உன் தமிழ் உனக்குப் பெரிய துணை. கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்தால், ஆள்காட்டி விரலில் வாதமும் நடுவிரலில் பித்தமும் மோதிர விரலில் கபமும் உணரப்படும் என்பது முறை. நோயைச் சொல்ல இப்போது முயலாதே. தினமும் விடியற்காலையில், சாப்பிடுவதற்கு முன் வீட்டில் இருப்பவர்களின் கையைப் பிடித்து, துடிப்பு வேகமா மெதுவா, அழுத்தமா மென்மையா, சீரா தவறுகிறதா என்று மட்டும் குறித்துக்கொள். உன் ஆத்தாவின் கையில் துடிப்பு அடிக்கடி தவறுவதாகத் தோன்றினால், அன்றே அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று ஈ.சி.ஜி. எடுத்துவிடு.