மென்பொருள் வேலைக்கு 60,000 ரூபாய்க்குள் எந்த லேப்டாப் வாங்கலாம்? வீடு குளச்சல் கடற்கரைப் பக்கம்

இன்ஜினியரிங் கடைசி வருடம், ஜாவாவும் கொஞ்சம் ஆண்ட்ராய்டும் படிக்கிறேன், அப்பா சீட்டு எடுத்துப் பணம் தருகிறார், கூட்டாளிகள் எல்லாரும் கேமிங் லேப்டாப் எடுக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்.

தம்பி, கிராபிக்ஸ் கார்டுக்குக் காசு போடாதீர்கள். நீங்கள் எழுதப்போகும் ஜாவா நிரலுக்கு அது பயன்படாது. அந்தக் காசை மெமரியில், அதாவது ரேமில் போடுங்கள். அதுவும் பிறகு கழற்றி மாற்ற முடிகிற மெமரியாக இருக்கட்டும்.

எனக்கு வீடு மணவாளக்குறிச்சி பக்கம். காலையில் இரணியலில் ரயில் ஏறி திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிறேன். 2018-ல் முதல் சம்பளங்களைச் சேர்த்து ஒரு லேப்டாப் வாங்கினேன். மெல்லிசாக, பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. மெமரி 8 ஜிபி. இரண்டு வருடம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் ஒரே நேரத்தில் ஜாவா நிரல் எழுதும் இன்டெல்லிஜே, இரண்டு ஸ்பிரிங் பூட் சர்வீஸ் (ஜாவாவில் எழுதிய சர்வர் நிரல்கள்), டாக்கர் என்ற மென்பொருளுக்குள் ஓடும் டேட்டாபேஸ், குரோமில் பத்துப் பதினைந்து டேப் என்று திறக்க வேண்டிய வேலை வந்ததும் திணற ஆரம்பித்தது. இன்னொரு 8 ஜிபி போடலாம் என்று நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனேன். கடைக்கார அண்ணன் அடிமூடியைக் கழற்றிக் காட்டினார். மெமரி சொருகும் ஸ்லாட்டே இல்லை. மெமரி சிப் எல்லாம் போர்டிலேயே பற்றவைத்திருந்தது. வாங்கும்போது அதைக் கேட்க வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியாது.

அதனால் கடையில் டெமோ மெஷினில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ், பிறகு மெமரி. 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்ற வரியில் இரண்டில் ஒன்று என்று காட்டினால் பெரும்பாலும் இன்னொன்று சேர்க்க இடம் இருக்கிறது. 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் அது பற்றவைத்த மெமரி. எதற்கும் மாடல் எண்ணை வைத்துக் கம்பெனி தளத்திலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 16 ஜிபிக்குக் குறைந்து எடுக்கவே வேண்டாம். ஆண்ட்ராய்டு ஆப் எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை, திரையிலேயே ஒரு போனைப் போல் இயங்கும் எமுலேட்டரோடு ஓட்டக் குறைந்தபட்சம் 16 ஜிபி வேண்டும் என்று கூகுளே சொல்கிறது. கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி 512 ஜிபி போதும், அதைப் பிறகு பெரிதாக்குவது சுலபம்.

பிராசசர் விஷயத்தில் பெயரைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறைய. ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 என்று ஒட்டியிருப்பதெல்லாம் ஒன்றல்ல. 7520யு, 7530யு இரண்டும் அக்கம்பக்கத்தில் இருக்கும், விலையிலும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் அந்த எண்ணில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் தலைமுறை. 2 என்றால் ஜென் 2, 3 என்றால் ஜென் 3. முதலாவதில் 4 கோர், இரண்டாவதில் 6 கோர். கோர் என்பது பிராசசருக்குள் தனித்தனியாக வேலை பார்க்கும் பகுதி. பெரிய பிராஜெக்டை பில்டு செய்யும்போது, அதாவது எழுதிய நிரலை ஓடும் ஆப்பாக மாற்றும்போது, இந்த வித்தியாசம் ஒவ்வொரு நாளும் கண்ணில் படும்.

இனி நம்மூர் விஷயம். வெளியூர்க்காரர்கள் எழுதும் பட்டியல்களில் இது வராது. என் லேப்டாப்புக்கு மூன்றாவது மழைக்காலத்தில் சார்ஜ் ஏறுவது நின்றுபோனது. திறந்து பார்த்தால் சார்ஜர் சொருகும் இடத்திலும் கீபோர்டு ஒயர் சேரும் இடத்திலும் பச்சையாகக் களிம்பு. எல்லாம் உப்புக்காற்றின் வேலை. ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தாத மெஷினை, ஈரம் பட்டிருக்கிறது என்று சொல்லி வாரன்டியில் எடுக்க மறுத்துவிட்டார்கள். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆகவே கடல் பார்த்த ஜன்னல் பக்கம் மேஜை போடாதீர்கள். தினமும் கொஞ்ச நேரமாவது ஓட விடுங்கள், உள்ளே உண்டாகும் சூடு ஈரத்தைத் தங்க விடாது. நான்கைந்து நாள் தொடாமல் இருப்பதானால், இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். நமக்கு ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொன்று. இரண்டு மழையும் வாங்கும் மாவட்டம் நம் கன்னியாகுமரி. பழக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

சார்ஜர் போர்ட்டும் அதே காரணத்துக்காக முக்கியம். டைப்-சி வழியாகவும் சார்ஜ் ஏறும் மாடலாகப் பாருங்கள். ஒரு போர்ட் களிம்பேறிப் போனாலும் இன்னொன்று கைகொடுக்கும். 65 வாட் டைப்-சி சார்ஜர் யாரிடமாவது இருந்தாலும் சமாளிக்கலாம். 2017 நவம்பர் 30-ல் ஒகி புயல் அடித்தபோது நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அது உங்களுக்கும் நினைவிருக்கும். அப்படி ஒரு நாளில் கரண்ட் கிடைக்கும் இடத்தில், கையில் கிடைக்கும் சார்ஜரை வைத்து லேப்டாப்பைச் சார்ஜ் செய்ய முடிவது பெரிய நிம்மதி. பேட்டரிக்கு இத்தனை மணி நேரம் என்று விளம்பரத்தில் போடுவதை விட்டுவிட்டு, பேட்டரி எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்று காட்டும் வாட்-அவர் எத்தனை என்று பாருங்கள். 50-க்கு மேல் இருந்தால் நல்லது.

எடையும் பார்க்க வேண்டும். பின்னால் வேலை கிடைத்து நீங்களும் திருவனந்தபுரம் டெக்னோபார்க் இருக்கும் கழக்கூட்டத்துக்கு ரயிலில் போகிறவராக ஆகலாம். நிற்கவே இடமில்லாத காலை வண்டியில் இரண்டரைக் கிலோ கேமிங் லேப்டாப்பையும் அதன் செங்கல் போன்ற அடாப்டரையும் தோளில் சுமப்பவர்களை நான் தினமும் பார்க்கிறேன். 1.6 கிலோவுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். திரை, பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் வகையாக இருக்கட்டும். 1920-க்கு 1200 புள்ளிகள் (பிக்சல்) உள்ள திரை கிடைத்தால் நிரலில் கூடுதலாகச் சில வரிகள் தெரியும்.

ஐபோன் ஆப் எழுதுவதுதான் எண்ணம் என்றால் மட்டும் மேக். ஐபோன் ஆப் எழுதத் தேவையான எக்ஸ்கோடு என்ற மென்பொருள் வேறெதிலும் ஓடாது.

பழைய ஆபீஸ் லேப்டாப் எடுக்கும் யோசனை இருந்தால் தவறில்லை. லெனோவோவின் திங்க்பேட், டெல்லின் லாட்டிட்யூட் மாதிரி மெஷின்கள் நல்ல கீபோர்டோடு, கழற்றி மாட்ட வசதியாக இருக்கும். இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். விண்டோஸ் 11 அதற்குக் கீழே உள்ளவற்றை அதிகாரபூர்வமாக ஏற்காது, விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது.

பணம் கட்டும் முன் ஒரு போன் போடுங்கள். கம்பெனியின் உதவி எண்ணில் உங்கள் பின்கோடைச் சொல்லி, வீட்டுக்கு வந்து சரிசெய்வார்களா, நாம்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்று கேளுங்கள். தற்செயலான சேதத்துக்கான கூடுதல் வாரன்டி இருந்தால், ஈரமும் துருவும் அதில் சேருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். சேரும் என்றால் அந்த இரண்டு மூவாயிரத்தைத் தயங்காமல் கட்டுங்கள். பில்லில் சீரியல் எண் இருக்கிறதா என்றும் பார்த்து வாங்கி, அப்பாவிடம் கொடுத்துப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.