சிவப்பு முள்ளும் கிணற்றுத் தண்ணியும்

கேள்வி: ஐயா, லண்டனில் அக்காவின் வளவில் ஒரு சீனத்துக் காட்டு ரோசா நிற்கிறது. பூவைவிட இலையும் முள்ளும்தான் வடிவு. முள் செட்டை விரித்தமாதிரி அகலம். வெயில் ஊடுருவினால் இரத்தச் சிவப்பு. அடுத்த முறை வரும்போது தடி வெட்டிக்கொண்டு வரச் சொல்லட்டா?
— வாசகி, கோண்டாவில்

பதில்: வேண்டாம், பிள்ளை. நீங்கள் சொல்வது ரோசா செரிசியாவின் செட்டைமுள் வகை. சிச்சுவான், யுன்னான் பக்கத்து மலைகளில் வளர்வது. ரோசாவுக்கு ஐந்து இதழ் என்பது வழமை, இதற்கு நாலுதான். அந்தச் சிவப்பும் அந்த வருடம் விட்ட புதுத் தடியில் மட்டும்தான், அடுத்த வருடம் முள் காய்ந்து மங்கிவிடும். அதனால் குளிர்காலம் முடிய, பழைய தடிகளை ஒட்ட வெட்டிவிடுவார்கள். நுவரெலியாவில் ஆரும் நட்டால் நான் மறிக்கமாட்டேன். கோண்டாவிலில் குளிருக்கு எங்கே போவது?

இலைக்காகத்தான் ஆசை என்றால் ரோசா ரொக்ஸ்பர்கியைத் தேடுங்கள். இதுவும் சீனத்து மலைச் செடிதான். ஆனால் கல்கத்தாத் தாவரவியற் பூங்காவில், அதைப் பொறுப்பாகப் பார்த்த தாவரவியலாளர் ரொக்ஸ்பரோ காலத்திலேயே வளர்ந்தது, அந்தப் புழுக்கத்தைக் கண்ட செடி. ஒரு காம்பில் 9 முதல் 15 வரை சின்னச் சின்ன இலை, பட்டை உரியும், காயிலும் முள். சீனாவின் குயிசோ மாகாணத்தில் அந்தப் பழத்தைப் பிழிந்து குடிக்கிறார்கள், விற்றமின் சி அவ்வளவு. பளபளவென்று எப்போதும் பச்சையாய் நிற்க வேண்டுமென்றால் ரோசா பிராக்டியாட்டா இருக்கிறது. ஆனால் அமெரிக்காவின் தென்பகுதியில் அது மேய்ச்சல் தரைகளை மூடிக் களையாகிவிட்டது. வேலியோரம் விடாதீர்கள், சாடியோடு நிற்கட்டும்.

எதை நட்டாலும் எங்கட கிணற்றுத் தண்ணிதான் சோதனை. சுண்ணாம்பு ஏறிய தண்ணியை நெடுக விட்டால் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாய் நிற்கும். மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க ஏலாமல் போவதுதான் காரணம். துருப்பிடித்த ஆணியைத் தாட்டுவிட்டுக் காத்திருக்கிற ஆட்களைக் கண்டிருக்கிறேன், சுண்ணாம்பு மண்ணில் அந்தத் துரு கரையாது. பெரிய சாடியில் இலைக்குப்பை எருவை நிறையப் போட்டு நடுங்கள். மாரி மழைத் தண்ணியைத் தொட்டியில் பிடித்து வைத்து அதையே ஊற்றுங்கள். மஞ்சள் கண்டால் உரக்கடையில் செலேற்று இரும்பு (செடி எடுக்கக்கூடியமாதிரிக் கரைகிற இரும்பு உரம்) என்று கேட்டு வாங்கி, பின்னேரத்தில் இலைக்குத் தெளியுங்கள். பங்குனி, சித்திரையில் மத்தியான வெயில் படாத கிழக்குப் பக்கம் வையுங்கள்.

அக்காவிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: இறக்குமதி அனுமதி இல்லாமல் சூட்கேசுக்குள் எந்தத் தடியும் வரக்கூடாது. கட்டுநாயக்காவில் பிடித்தால் செடியும் போகும், மரியாதையும் போகும்.