500 ரூபாய்க்குள் ஆண்களுக்கான மூக்கு முடி டிரிம்மர் வாங்கலாமா? வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

தாராளமாக வாங்கலாம். நீங்கள் நாற்பதைத் தாண்டியவர் என்றும், யாரோ எதையோ சொல்லி மனம் சுருங்கிப்போய்த்தான் இதைக் கேட்கிறீர்கள் என்றும் எண்ணிக்கொள்கிறேன். தலையில் முடி குறையும் வயதில் மூக்கிலும் காதிலும் அது தடித்து வளர்வது ஆண்களுக்கான ஹார்மோன்களின் வேலை; இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

உருக்காலையில் வேலை பார்த்தவனுக்கு மூக்கு முடியைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் கேட்கக்கூடும். டிரிம்மரில் நாம் காசு கொடுத்து வாங்குவது அதன் பிளேடைத்தான், பிளேடு எஃகால் ஆனது. 1981-இல் உற்பத்தியைத் தொடங்கிய சேலம் உருக்காலையில் ஓய்வு பெறும்வரை எஃகுத் தகடுகளோடு காலம் தள்ளியவன் என்ற முறையில் அதைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு.

என் மனைவியின் தம்பி சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். மணி பொறுக்கும் சாமணத்தாலேயே மூக்கு முடியைப் பிடுங்கிப் போடுவது அவருடைய பழக்கம். மகளின் திருமணத்துக்கு முந்தைய வாரம் மூக்கினுள் கட்டி கிளம்பி, நுனி சிவந்து வீங்கி, மாலை மாற்றும் நிகழ்ச்சிக்குக்கூடக் கைக்குட்டையோடுதான் நின்றார். பலருடைய மூக்கில் இயல்பாகவே தங்கியிருக்கும் பாக்டீரியா, முடியைப் பிடுங்கும்போது புண்ணாகும் மயிர்க்கால் வழியாக உள்ளே இறங்கிவிடுகிறது என்றும், மூக்கைச் சுற்றியுள்ள ரத்த நாளங்களுக்கு மூளையின் அடிப்பகுதியிலுள்ள நாளங்களோடு தொடர்பு இருப்பதால் அங்கே வரும் கட்டியை ஒருபோதும் நசுக்கக் கூடாது என்றும் மருத்துவர் எச்சரித்தார். எனவே எந்த டிரிம்மர் என்பது அடுத்த கேள்வி. பிடுங்குவதை நிறுத்துவதே முதல் வேலை.

அதன் பிறகு நான்தான் அவருக்கு ஒரு டிரிம்மர் வாங்கிக் கொடுத்தேன். உறையைக் கழற்றியவுடன் அவர் செய்த காரியம், குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த காந்தப் பொம்மையை எடுத்து பிளேடில் வைத்ததுதான். அது டக்கென்று ஒட்டிக்கொண்டது. "மாமா, காந்தம் புடிக்குது பாருங்க. மட்டமான எவர்சில்வரை உங்க தலையில கட்டிட்டான்" என்றார். பாத்திரக் கடைப் பாடத்தை அப்படியே பிளேடின் மேல் ஏற்றிவிட்டார். பாத்திரத்துக்கு உகந்த 304 வகை எஃகில் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கும். அது எளிதில் துருப்பிடிக்காது, காந்தமும் பெரும்பாலும் ஒட்டாது, ஆனால் அதைக் காய்ச்சிக் குளிரவைத்துக் கடினமாக்க முடியாது என்பதால் நல்ல கூர் நிற்காது. வெட்டும் கருவிகளுக்கு 420 போன்ற, கரி (கார்பன்) சற்றுக் கூடுதலாக உள்ள, கடினப்படுத்தக்கூடிய எஃகு வேண்டும். அதில் காந்தம் ஒட்டத்தான் செய்யும். (நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த மலிவு எஃகிலும் காந்தம் ஒட்டாது. அதைக் காட்டியே 'முதல் தரம்' என்று பாத்திரம் விற்கும் கடைக்காரர்களிடம் வாதாடி வாதாடி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.)

பிளேடு எஃகு பாத்திர எஃகைவிடச் சற்று எளிதாகத் துருப்பிடிக்கும். ஆகவே தலைப்பகுதி தனியாகக் கழன்று வருகிறதா, தண்ணீரில் கழுவலாமா என்று பாருங்கள். சிலவற்றில் தலையை மட்டுமே கழுவலாம். ஐபிஎக்ஸ்7 என்று குறித்திருந்தால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். எப்படியானாலும் கழுவி உதறி, நன்றாகக் காய்ந்த பிறகே மூடியைப் போட வேண்டும். ஈரத்தோடு மூடினால் எந்த நிறுவனத்துப் பிளேடும் துருப்பிடிக்கும்.

அடுத்தது பேட்டரி. வாரத்துக்கு ஒரு முறை சில நிமிடங்கள் பயன்படுத்தும் கருவிக்கு உள்ளே பொதிந்த பேட்டரி எதற்கு? அது செத்தால் கருவியையே குப்பையில் போட வேண்டியிருக்கும். ஒற்றை ஏஏ பேட்டரி போடும் வகையே எனக்கு உவப்பானது. வெளிக் குழாயின் பிளவுகளுக்குள் நுழையும் முடியை உள்ளே சுழலும் பிளேடு நறுக்குகிறது; பேட்டரி இறங்கி வேகம் குறைந்தால் நறுக்குவதற்குப் பதிலாக முடியைப் பற்றி இழுக்கும், கண்ணில் நீர் வந்துவிடும். 'இந்த டிரிம்மர் வலிக்கிறது' என்று எழுதுபவர்களில் பலர் பேட்டரியை மாற்றிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது என் ஐயம். நெடுநாள் பயன்படுத்தாவிட்டால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். கசிந்தால் உள்ளிருக்கும் தகடுகளை அரித்துவிடும்.

புருவத்துக்கு ஒன்று, கிருதாவுக்கு ஒன்று, தாடிக்கு ஒன்று என்று ஐந்தாறு தலைகளோடு வரும் பெட்டிக்கு மயங்க வேண்டாம். அப்படி ஒன்றை நானும் வாங்கினேன். மூக்குக்கான தலை மட்டும் மழுங்கிப்போக, மாற்றுத் தலை கேட்டு அலைந்ததில், 'புதுசாவே வாங்கிக்கோங்க சார்' என்ற பதில்தான் கிடைத்தது. வாங்கும் முன்பே தலை தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள்.

மூக்கைச் சிந்திச் சுத்தம் செய்துவிட்டு, வெளியே தெரியும் முடியை மட்டும் வெட்டினால் போதும். உள்ளே இருப்பது தூசியை வடிகட்டுவதற்கு. மாக்னசைட் சுரங்கம் பக்கமோ பட்டறையிலோ வேலை செய்பவர்களுக்கு அது கட்டாயம் வேண்டும். முனை மழுங்கிய சிறு கத்தரிக்கோலே போதும் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை, கை நடுங்காதவரை அதுவும் நல்லதுதான். என் கை நடுங்குகிறது.