ரிபன் பிடிக்க ஆசைப்படும் பத்து வயதுப் பிள்ளை

கேள்வி: மகளுக்குப் பத்து வயது. நாலு வருசமாகப் பரதம் பழகுகிறாள். பாரிஸ் ஒலிம்பிக் வீடியோ ஒன்றில் ரிதமிக் ஜிம்னாஸ்ரிக்கில், இசைக்கு ஏற்ப ரிபன் சுழற்றி ஆடுவதைப் பார்த்த நாளிலிருந்து, என் பழைய சேலைக் கரையைக் கிழித்துத் தும்புத்தடியில் கட்டிக்கொண்டு முற்றத்திலேயே நிற்கிறாள். உடம்பு நன்றாக வளைகிறது, கொழும்புக்கு அனுப்புங்கள் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். பிந்திவிட்டதா? இதில் எதிர்காலம் உண்டா? – கோப்பாயிலிருந்து ஒரு தாய்.

பதில்: ஒலிம்பிக்கை நினைத்துக் கேட்கிறீர்கள் என்றால், பிந்திவிட்டது அம்மா. உச்சத்துக்குப் போகும் பிள்ளைகள் பெரும்பாலும் நாலு, ஐந்து, ஆறு வயதில் தொடங்கிவிடுகிறார்கள். பதினாறு வயது நிறையும் ஆண்டில் சீனியர் பிரிவுக்கு வந்துவிடுவார்கள். அப்போது கிழமைக்கு முப்பது மணித்தியாலத்துக்கு மேல் பயிற்சி. நம் பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சைக்கு ரியூசன் ரியூசனாக ஓடும் அதே வயது என்பதையும் யோசியுங்கள். 2024 பாரிஸில் தனிநபர் தங்கம் வென்ற ஜேர்மனியின் டார்யா வர்ஃபொலொமேயெவுக்கு வயது 17. ரஷ்யாவின் எவ்கேனியா கனாயெவா 2008, 2012 என இரண்டு முறை தனிநபர் தங்கம் வென்றவர். வேறு யாருக்கும் அது வாய்க்கவில்லை. அவர் விடைபெற்றபோது வயது 22. கம்பஸ் முடித்து வேலை தேடத் தொடங்கும் வயதில் அங்கே ஓய்வு!

இடமும் குறைவு. பாரிஸில் தனிநபர் போட்டிக்கு உலகம் முழுவதிலுமிருந்து 24 பேர்தான், ஒரு நாட்டிலிருந்து கூடினால் இரண்டு பேர். இலங்கையிலிருந்து ஜிம்னாஸ்ரிக்கில் ஒலிம்பிக் போன முதல் ஆள் மில்கா கெஹானி. 2021இல் ரோக்கியோவில் இறங்கினார். ஆனால் அவருடையது ரிபனும் பந்தும் கொண்டு ஆடும் ரிதமிக் பிரிவு அல்ல. கம்பமும் சமநிலைச் சட்டமும் உள்ள மற்றப் பிரிவு. அதற்கே ஜப்பானுக்குப் போய்ப் பயிற்சி எடுக்க வேண்டியிருந்தது.

ஆகவே கொழும்புக்கு இப்போது வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். புலமைப்பரிசில் பரீட்சை வயதில் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து விடுதியில் போடுமளவுக்கு இதில் பலன் இல்லை. ஆசையாகப் பழகட்டும். பாடசாலையிலோ பக்கத்திலோ சாதாரண ஜிம்னாஸ்ரிக் சொல்லிக்கொடுப்பவர் இருந்தால், கிழமைக்கு இரண்டு நாள் போதும்.

நாலு வருசப் பரதம் வீணில்லை. தாளம் காதில் இருக்கிறது, முகம் பேசத் தெரியும். இசையோடு ஒட்டி ஆடுவதற்கு அங்கே தனிப் புள்ளியே உண்டு. ஆனால் கால் வேறு. பரதத்தில் அரைமண்டியில் முழங்காலை மடித்துத் தட்டுகிறோம். அங்கே முழங்கால் கம்பி மாதிரி நேராக நிற்க வேண்டும், குதி உயர்ந்து விரலில் நிற்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பழகும் பிள்ளைக்குக் கெண்டைக்கால் முதலில் நோகும், அது சாதாரணம்.

நோவில் சாதாரணம் இல்லாதவையும் உண்டு. இயன்மருத்துவராக நான் பயப்படுவது முதுகுக்குத்தான். பின்னால் வளையும்போது கீழ் முதுகில், குறிப்பாக ஒரு பக்கம் மட்டும் நொந்து, இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் வளைவதை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள். வளரும் வயதில் முள்ளந்தண்டு எலும்பில் மெல்லிய வெடிப்பு விழலாம். எண்ணெய் போட்டு உருவினால் அது மாறாது. இன்னொன்று, பிள்ளையைத் தரையில் இருத்தி, காலை விரித்து, மேலே ஏறி அமத்தும் பழக்கம். நன்றாக வளையும் உடம்புக்கு இன்னும் வளைவு தேவையில்லை, அதைத் தாங்கும் பலம்தான் தேவை. யார் அமத்த வந்தாலும் மறியுங்கள்.

சாப்பாடு. மெலிய வேண்டும் என்று ஒருவரும் சொல்ல விடாதீர்கள். பயிற்சிக்கு ஏற்ற சாப்பாடு இல்லாவிட்டால் எலும்பு தேறாது, மாதவிடாய் பிந்தும். பதினைந்து வயதாகியும் பெரியபிள்ளையாகாவிட்டால், விளையாடுகிற பிள்ளைதானே என்று விடாமல் வைத்தியரிடம் போக வேண்டும். புட்டும் முட்டைப் பொரியலும் நல்ல சாப்பாடு, பயமில்லாமல் கொடுங்கள்.

சரி, இனி அந்தச் சேலைக் கரை. போட்டியில் சீனியர் ரிபன் ஆறு மீற்றர், தடி ஐம்பதிலிருந்து அறுபது சென்ரிமீற்றர். ரிபன் ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், முடிச்சு விழுந்தால் புள்ளி போகும். உங்கள் மகளுக்கு மூன்று மீற்றர் போதும். நாலு விரல் அகலத்துக்குச் சற்றுக் குறைவான சற்றின் துணி வாங்குங்கள். பருத்திக் கரை பாரம், சுழலாது. தும்புத்தடியை விட்டுவிட்டு, ஐம்பது சென்ரிமீற்றரில் மெல்லிய தடி ஒன்று சீவுங்கள். துணியைத் தடியில் நேரே கட்டினால் இரண்டு சுற்றிலேயே முறுகிவிடும். தூண்டில் சாமான் விற்கும் கடையில், நூல் முறுகாமலிருக்கப் போடும் சின்னச் சுழலி கிடைக்கும். அதைத் தடி நுனிக்கும் துணிக்கும் நடுவே கோத்துவிடுங்கள். சோளகம் அடிக்கும் நாளில் முற்றத்தில் வேண்டாம், ரிபன் கழுத்தைச் சுற்றும். கதிரைகளை ஒதுக்கிவிட்டு விறாந்தையில் ஆடட்டும், மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள்.