வழக்காடும் நாயகிகளை நிறுத்தியது யார்?

கேள்வி: ஷீ-ஹல்க், மேன்ஹன்டர் என்று வழக்கறிஞர்களை நாயகியாக வைத்து வந்த காமிக்ஸ்களை அமெரிக்காவில் திரும்பத் திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள். கோர்ட்டும் வாதமும் சட்டப்பிரிவும் சூப்பர் ஹீரோ வாசகனுக்கு எதற்கு? பறக்கிறவனைப் பார்க்க வந்தவன் கையில் சட்டப் புத்தகத்தைக் கொடுத்தால் விற்காது என்பதை இனியாவது ஒப்புக்கொள்வீர்களா? அப்படியும் ஒன்றைப் படிக்கத்தான் வேண்டும் என்றால் எதைப் படிப்பது?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: ஒப்புக்கொள்ள மாட்டேன். இதழ்கள் நின்றது உண்மை. அதற்கு நீங்கள் சொல்லும் காரணம்தான் தவறு.

உங்கள் பட்டியலில் ஒரு பெயர் விட்டுப்போயிருக்கிறது. பகலில் கோர்ட்டு, இரவில் முகமூடி என்று வாழும் மேட் மர்டாக். அவன் நாயகனாக வரும் டேர்டெவில் இதழ் 1964-இல் தொடங்கி, முதல் வரிசை மட்டுமே 1998 வரை 380 இதழ்கள் வந்தது. அதற்குப் பிறகும் புதுப்புது வரிசைகளாக வந்துகொண்டிருக்கிறது. வழக்கறிஞர் கதை விற்காது என்றால் இவன் எப்படி இத்தனை காலம் தாக்குப்பிடித்தான்?

சரி, நீங்கள் சொன்ன மேன்ஹன்டருக்கே வருகிறேன். அது உங்களுக்கு எதிராகத்தான் சாட்சி சொல்கிறது. 2004-இல் டிசி நிறுவனம் தொடங்கிய இதழ் அது. எழுதியவர் மார்க் ஆண்ட்ரேகோ. நாயகி கேட் ஸ்பென்சர் லாஸ் ஏஞ்சல்ஸில் மத்திய அரசுத் தரப்பு வழக்கறிஞர். கொலைகாரன் ஒருவன் மரண தண்டனையிலிருந்து தப்பி, மறுபடியும் கொல்கிறான். கேட் என்ன செய்கிறாள்? வழக்குகளில் கைப்பற்றி வைத்திருக்கும் பொருள்கள் உள்ள அறையிலிருந்து கவச உடையையும் ஆயுதத்தையும் திருடிக்கொண்டு போய் அவனைக் கொன்றுவிடுகிறாள். முதல் கதையிலேயே நாயகி ஒரு குற்றவாளி. சட்டம் படித்தவள், தான் செய்தது என்ன பிரிவில் வரும் என்று தெரிந்தே செய்தவள். மறுநாள் காலை அதே கையோடு அலுவலகம் போய் அரசுக்காக வாதாடுகிறாள். இதில் எந்த இடத்தில் சலிப்பு வந்தது உங்களுக்கு?

அந்த இதழை 25-ஆம் எண்ணோடு நிறுத்துவதாக முடிவெடுத்தார்கள். வாசகர்கள் சும்மா இருக்கவில்லை. கடிதம் எழுதினார்கள், கடைகளில் பேசினார்கள், பதிப்பகத்தை நச்சரித்தார்கள். மேலும் 5 இதழ்கள் கிடைத்தன. அப்புறம் நீண்ட இடைவெளி. 2008-இல் 31-ஆம் இதழோடு திரும்பி வந்து, 2009 தொடக்கத்தில் 38-ஆம் இதழோடு நின்றது. சலித்துப்போன வாசகர்கள் இப்படிப் போராட மாட்டார்கள். அவர்கள் எண்ணிக்கையில் குறைவாக இருந்தார்கள் என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அந்த எண்ணிக்கையை எடுத்த விதத்தையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் 1980-களிலிருந்து மாத காமிக்ஸ் இதழ்கள் பெரும்பாலும் தனி காமிக்ஸ் கடைகள் வழியாகவே விற்கின்றன. கடைக்காரர் ஏறக்குறைய இரண்டு மாதம் முன்னதாகவே விநியோகஸ்தரிடம் எத்தனை பிரதி வேண்டும் என்று சொல்ல வேண்டும். விற்காததைப் பொதுவாகத் திருப்பிக் கொடுக்க முடியாது. நஷ்டம் அவர் தலையில். ஆகவே புது இதழின் முதல் எண் கடைக்கு வந்து சேரும்போது, மூன்றாம் எண்ணுக்கான ஆர்டரையும் அவர் கொடுத்து முடித்திருப்பார். ஒரு வாசகர்கூட இன்னும் ஒரு பக்கத்தையும் புரட்டியிருக்க மாட்டார். கடைக்காரர் பயந்து குறைவாகவே கேட்பார். குறைவாக வந்த இதழ் அலமாரியில் கண்ணில் படாது. கண்ணில் படாததால் அடுத்த ஆர்டர் இன்னும் குறையும். இப்படியே இறங்கி ஒரு நாள் நிறுத்த அறிவிப்பு வரும். பேட்மேனுக்கும் எக்ஸ்-மென்னுக்கும் இந்தச் சிக்கல் இல்லை, பெயரைப் பார்த்தே ஆர்டர் விழும். அடிபடுவது புதுப் பெயர்கள்தான், அதிலும் பெண் நாயகிகள். கேட் ஸ்பென்சரைக் கொன்றது கோர்ட்டுக் காட்சி என்றால், கோர்ட்டுப் பக்கமே போகாத எத்தனையோ புது இதழ்கள் ஒரு வருடம்கூடத் தாண்டாமல் போனது எதனால்?

அப்புறம், மாதா மாதம் வாங்காமல் ஆறு இதழ்களைச் சேர்த்துத் தொகுப்பாக வரும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர்கள். நல்ல வாசகர்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் நிறுத்தும் முடிவை எடுக்கிறவர் முதலில் பார்ப்பது மாத ஆர்டரை. தொகுப்பு வாங்கக் காத்திருந்தவர் அந்தக் கணக்கில் ஏறவே மாட்டார்.

இனி உங்கள் அடுத்த வாதம்: சூப்பர் ஹீரோ வாசகனுக்குச் சட்டம் எதற்கு? இதைத்தான் என்னால் விட்டுவிட்டுப் போக முடியவில்லை. முகமூடி போட்ட ஒருவன் யாரிடமும் கேட்காமல் இன்னொருவனை அடித்துக் கட்டிப்போடுகிறான். அதற்கு அவனுக்கு அதிகாரம் கொடுத்தது யார் என்ற கேள்வி, அவன் முதல் அடி கொடுக்கும்போதே எழுந்துவிடுகிறது. யாரும் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டிய கேள்வி இல்லை அது.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். அமெரிக்காவில் போலீஸ் சட்டவிரோதமாகச் சோதனை போட்டுக் கண்டெடுத்த ஆதாரத்தைக் குற்ற வழக்கில் பொதுவாகப் பயன்படுத்த முடியாது. ஆனால் தனிமனிதர் ஒருவர் தானாகவே திருடிக் கொண்டுவந்ததற்கு இந்தத் தடை இல்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1921-இலேயே, பர்டோ – மெக்டவல் வழக்கில் சொல்லிவிட்டது. அப்படியானால் பேட்மேன் தனியாக ஜன்னலை உடைத்து உள்ளே போய் எடுத்து வந்த கணக்குப் புத்தகம் செல்லும். அதே பேட்மேனை போலீஸ் கமிஷனர் கார்டன் கூரைமேல் விளக்கைப் போட்டு அழைத்திருந்தால்? அப்போது அவன் அரசின் கையாள் என்று குற்றவாளியின் வக்கீல் வாதிடலாம். அந்த வாதத்தை நீதிபதி ஏற்றுக்கொண்டால் ஆதாரம் போச்சு, ஜோக்கர் வெளியே. வானத்தில் தெரியும் அந்த வௌவால் விளக்கை இதற்குப் பிறகு நீங்கள் பழையபடி பார்ப்பீர்களா? நான் பார்ப்பதில்லை.

சாட்சிக் கூண்டு இன்னொரு சிக்கல். குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தனக்கு எதிரான சாட்சியை நேருக்கு நேர் பார்த்துக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை உண்டு. அமெரிக்க அரசியல் சட்டத்தின் ஆறாவது திருத்தம் அது. முகமூடியோடு ஒருவர் வந்து நின்றால் யாரை விசாரிப்பது? 2017-இல் டேர்டெவிலில் இதையே கதையாக்கி உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனார் சார்லஸ் சோல். அவர் வக்கீல் தொழில் பார்த்தவர். அந்த இதழ்களில் வாதங்கள்தான் சண்டைக் காட்சி. கையில் எடுத்தால் கீழே வைக்க முடியவில்லை.

உங்கள் பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. 1983-இல், மின்னல் வேக நாயகன் ஃப்ளாஷின் இதழில் தொடங்கிய வழக்கு இழுவையான வழக்குதான். ஃப்ளாஷின் மனைவியைக் கொன்ற எதிரி, இப்போது அவனுடைய புது மணப்பெண்ணையும் கொல்ல வருகிறான். திருமண நாளில் அவனைத் தடுக்கப்போய் ஃப்ளாஷ் அவன் கழுத்தை முறித்துவிடுகிறான். அவன்மீது கொலைப் பழி. அருமையான தொடக்கம்! இன்னொருவர் உயிரைக் காக்க எவ்வளவு பலத்தைப் பயன்படுத்தலாம், கொல்வதைத் தவிர வேறு வழியே இல்லையா என்று நேராகக் கேட்டிருக்கலாம். ஆனால் எழுத்தாளர் கேரி பேட்ஸ் அதை இரண்டு வருடம் நீட்டினார். நடுவில் ஃப்ளாஷின் முகம் அறுவை சிகிச்சையில் மாறியது. கடைசியில் ஜூரியின் மனதை வில்லன் மந்திரித்திருந்தான் என்று சொல்லித் தீர்ப்பையே கழற்றிவிட்டார்கள். 1985-இல் 350-ஆம் இதழோடு அந்த வரிசையும் முடிந்தது. அதே சமயம் வந்துகொண்டிருந்த பெருந்தொடரில் ஃப்ளாஷைச் சாகடிக்கப் போகிறார்கள் என்பதும் அதற்குக் காரணம். அந்தக் கதையைச் சலிப்பாக்கியது சட்டக் கேள்வியிலிருந்து தப்பி ஓடியதுதான்.

இருபது வருடம் கழித்து, 2005-இல், வொண்டர் உமனும் ஒருவன் கழுத்தை முறித்தாள். சூப்பர்மேனின் மனதைப் பிடித்து ஆட்டிவைத்த மேக்ஸ்வெல் லார்ட், தன்னைக் கொன்றால்தான் இது நிற்கும் என்று கட்டுண்டவர் பொய் சொல்ல முடியாத அவளுடைய உண்மைக் கயிற்றில் கட்டுண்ட நிலையில் சொல்கிறான். கொன்றுவிடுகிறாள். உலகமே அதைத் திரையில் பார்த்துவிட்டது. ஆனால் கட்டுண்டு கிடந்தவனால் அந்த நொடியில் உடனடி ஆபத்து இருந்ததா? தற்காப்புச் சட்டத்தில் எல்லாம் அந்த “உடனடி” என்பதில்தான் நிற்கிறது. இந்த விவகாரத்தில் அவளுக்கு வக்கீலாக வந்தது யார் தெரியுமா? கேட் ஸ்பென்சர். வாசகர்கள் போராடி வாங்கிய அந்த 5 இதழ்களில்தான் அந்தக் கதை வந்தது. நிறுத்தம் நிலைத்திருந்தால் அது நமக்குக் கிடைத்திருக்காது.

ஷீ-ஹல்க் விஷயம் சுருக்கமாக. அவள் பிறந்ததே ஒரு சட்டக் காரணத்துக்காகத்தான். டிவியில் ஹல்க் தொடர் ஓடிக்கொண்டிருந்தபோது, தயாரிப்பாளர்கள் தாங்களாகவே ஒரு பெண் ஹல்க்கை உருவாக்கிவிட்டால் உரிமை கைவிட்டுப் போகும் என்ற பயத்தில், ஹல்க் காமிக்ஸை வெளியிடும் மார்வெல் நிறுவனம் 1980-இல் முந்திக்கொண்டது. அந்த முதல் வரிசை 25 இதழ்கள். அடுத்தது, 1989 முதல் 1994 வரை, 60. டான் ஸ்லாட் 2004-இல் அவளை ஒரு சட்ட நிறுவனத்தில் வேலைக்குச் சேர்த்தார். அங்கே நூலகத்தில் பழைய மார்வெல் காமிக்ஸ்களையே கோர்ட்டில் ஆதாரமாக நீட்டுவார்கள். அது 12 இதழ்களில் நின்று, 2005-இல் மறுபடி ஒன்றாம் எண்ணோடு தொடங்கி 38 இதழ்கள் போனது. நின்றதை மட்டும் எண்ணும் நீங்கள், ஒவ்வொரு முறையும் அவளைத் திரும்ப அழைத்து வந்ததையும் எண்ண வேண்டாமா? விற்காது என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றை எந்தப் பதிப்பாளர் இத்தனை முறை தொடங்குவார்?

எதைப் படிப்பது என்று கேட்டீர்களே. சார்லஸ் சோல் எழுதி, ஹாவியர் புலிடோ பெரும்பாலும் வரைந்த 2014-ஆம் ஆண்டு ஷீ-ஹல்க். மொத்தமே 12 இதழ்கள், அதோடு நிறுத்திவிட்டார்கள். அதில் 8 முதல் 10 வரை முதலில் படியுங்கள். வயதாகிப்போன கேப்டன் அமெரிக்கா மீது, பல பத்தாண்டுகளுக்கு முந்தைய ஒரு மரணத்துக்கு நஷ்டஈடு கேட்டு வழக்கு. அவருக்காக ஷீ-ஹல்க், எதிர்த்தரப்பில் மேட் மர்டாக். இரண்டு பேரும் நல்லவர்கள், இரண்டு பேரும் ஜெயிக்கத்தான் வாதாடுகிறார்கள். படித்து முடித்துவிட்டு எந்தப் பக்கத்தில் சலித்தது என்று பக்க எண்ணோடு எழுதுங்கள், அடுத்த இதழிலேயே வெளியிடுகிறேன்.