கெர்னல் கேள்வி–பதில்: எல்.டி.எஸ். என்றால் தொடாமலே விடலாமா?

கே: எங்கள் டெபியன் 12 (லினக்ஸ் வகைகளில் ஒன்று) சர்வரில் லினக்ஸ் 6.1 கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) ஓடுகிறது. எல்.டி.எஸ். (நீண்டகால ஆதரவு) தானே என்று நிறுவிய நாளிலிருந்து அப்டேட் செய்யவில்லை. அப்படியே விடலாமா?

ப: விடவே கூடாது. நீண்டகால ஆதரவு 6.1 என்ற கிளைக்குத்தான். நீங்கள் என்றோ நிறுவிய ஒரு பதிப்புக்கு அல்ல. 2022 டிசம்பரில் 6.1 வெளிவந்தது முதல் பாதுகாப்புத் திருத்தங்கள் மூன்றாவது எண்ணாகத்தான் (6.1-க்கு அடுத்து வரும் எண்) வந்துகொண்டிருக்கின்றன. ‘யூநேம் -ஆர்’ (uname -r) கட்டளை கொடுத்தால் டெபியன் 12-இல் அந்த எண் 0 என்றே காட்டும், ஏமாந்துவிடாதீர்கள். ‘யூநேம் -வி’ (uname -v) தான் உண்மையான எண்ணைச் சொல்லும்.

அப்டேட் செய்தால் ஏதாவது உடையுமோ என்ற பயம் நியாயமானது. ஆனால் இந்தக் கிளைக்குள் புது வசதிகளைச் சேர்ப்பதில்லை. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் மூலக் கிளையில் ஏற்கெனவே ஏறிய திருத்தம்தான் இங்கே வரும். அதுவும் 100 வரிக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பது விதி. அப்படியும் சில சமயம் பிசகும். அதற்காகத்தான் பழைய கெர்னல் ஒன்றை விட்டுவைப்பது. கணினி எழும்போது வரும் கிரப் மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்து பூட் செய்துகொள்ளலாம்.

இரண்டு இடங்களில் பலர் சறுக்குகிறார்கள். ஒன்று, பேக்கேஜை ஏற்றிவிட்டு ரீபூட் செய்யாமல் விடுவது; அதுவரை ஓடுவது பழைய கெர்னல்தான். இன்னொன்று, கெர்னல் கோப்புகள் இருக்கும் ‘பூட்’ பார்ட்டிஷன் நிரம்பிப்போவது. இனிட்ராம்எஃப்எஸ் (கெர்னல் எழும்பத் தேவையான துணைக்கோப்பு) முழுதாக எழுதப்படாமல் நின்றுவிட்டால் புதிய கெர்னல் எழும்பாது. முதலில் ‘டிஎஃப் -ஹெச்’ (df -h) கொடுத்து இடத்தைப் பாருங்கள். ‘ஆப்ட் ஆட்டோரிமூவ்’ (apt autoremove) தேவையற்ற பழைய கெர்னல்களை நீக்கிவிடும்.

கே: உபுண்டு 24.04 எல்.டி.எஸ். என்கிறார்கள். அதில் உள்ள 6.8 கெர்னல், எல்.டி.எஸ். கெர்னல் பட்டியலில் இல்லையே?

ப: அது உபுண்டுவின் எல்.டி.எஸ்., கெர்னலுடையது அல்ல; 6.8-க்கான திருத்தங்களை உபுண்டுவை வெளியிடும் கனானிக்கல் நிறுவனமே பார்த்துக்கொள்கிறது. கவலை வேண்டாம்.

கே: 6.6-இலிருந்து 6.12-க்கு மாறியதும் நெட்வொர்க் கார்டின் தனி டிரைவர் கம்பைல் ஆகவில்லை. ஏன்?

ப: அப்ளிகேஷன்களுக்கான இடைமுகத்தை உடைக்காமல் காப்பது லினக்ஸின் கண்டிப்பான கொள்கை. டிரைவர்களுக்கு அந்த வாக்குறுதி கிடையாது. கெர்னலின் உள் ஃபங்ஷன்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறும். 6.12-க்கான ஹெடர் பேக்கேஜ் (டிரைவரைக் கம்பைல் செய்யத் தேவையான கோப்புகள்) இருக்கிறதா என்று முதலில் சரிபாருங்கள். இருந்தும் பிழை வந்தால், டிரைவரின் புதிய பதிப்பு வேண்டும். அது வரும்வரை 6.6-லேயே இருங்கள், அதன் அப்டேட்களை மட்டும் விடாமல் ஏற்றுங்கள். கார்டுக்கு கெர்னலுக்குள்ளேயே டிரைவர் இருந்தால் அதற்கு மாறிவிடுவதே உத்தமம்.